வெட்டுப்பட்ட ‘ன்னு’

மதி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், குக்கர் சத்தம் போடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் அப்போது குக்கரே இல்லை. பொய்ச் செய்தி எங்கே பிறந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்திருப்பவளிடம் குக்கர் பொய் எத்தனை நேரம் நிற்கும்? வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அந்த மைக் படத்தில் கட்டைவிரலை வைக்கிறேன், உடனே எடுத்துவிடுகிறேன். சர்வீஸ் முழுவதும் கிராம நர்ஸாக வீடு வீடாகப் போய்ப் பேசியே காலம் தள்ளியவள் நான். இப்போது உன் அப்பாவுக்கு போனில் “வரும்போது உளுந்து வாங்கிட்டு வாங்க” என்று சொல்வதற்கே, இதை யாராவது வெட்டினால் என்ன அர்த்தம் வரும் என்று யோசிக்கிறேன். அதனால் எழுதுகிறேன். நீ வேலை பார்க்கிற இடத்தில் இதை எல்லோரும் படிக்கும்படி போட்டாலும் எனக்குச் சம்மதம்தான். அப்படிப் படிப்பவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

நீ கேட்டது இது. வருகிற ஞாயிறு கேமராவோடு ஊருக்கு வருகிறாய். நான் உன் முன்னால் உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, “அந்த ஆடியோவில் இருப்பது என் குரல், நான் சொன்னது அது இல்லை, இது” என்று சொல்ல வேண்டும். அதை வைத்து, அந்தப் பொய்யைப் பரப்பியவர் யார் என்பதை உன் பெயர் போட்டு வெளியிடப் போகிறாய். அதற்கு முன் அவரையும் நேரில் பார்த்து அவர் தரப்பைக் கேட்பாய். அவர் வீடு நம் ஊரிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியில், நாம் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். இதையெல்லாம் நீ சொன்ன விதம், ஏதோ மளிகை வாங்கப் போகிறவள் மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு இல்லாத குக்கர் ஞாபகம் வந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாளுக்கு முந்தைய தினம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என் இடத்துக்கு ரேகா வந்துவிட்டாள், இருந்தாலும் ஊர்த் தாய்மார்கள் குழுவிலிருந்து என்னை யாரும் விடவில்லை. காய்ச்சல் என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள், கல்யாணத்துக்கு நாள் பார்க்கவும் என்னைத்தான் கேட்பார்கள். மாத்திரையைப் பற்றி ஒரு புரளி கிளம்பியிருக்கிறது, நாலு வார்த்தை பேசிப் போடுங்கள் அக்கா என்று ரேகா கேட்டாள். நானும் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்று பேசினேன். “நாளைக்குக் குடுக்கிற பூச்சி மாத்திரையில விஷம் கலந்திருக்கு, அதைச் சாப்பிட்ட புள்ள பொழைக்காதுன்னு ஒரு சேதி சுத்துது. அது சுத்தப் பொய்ங்க. தைரியமா புள்ளைங்கள அனுப்புங்க.” இவ்வளவுதான் நான் பேசியது. ஊர் என்ன பயப்படுகிறதோ அதை முதலில் அவர்கள் வார்த்தையிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் இல்லை என்று சொல்வது என் பழக்கம். அப்படிச் சொன்னால்தான் நம்மைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று காது கொடுப்பார்கள்.

அதில்தான் கத்தி வைத்தார்கள். “பொழைக்காதுன்னு” என்பதில் ‘பொழைக்காது’ வரைக்கும் வைத்துக்கொண்டு ‘ன்னு’வை வெட்டிவிட்டார்கள். நீதான் எனக்கு அதைப் போட்டுக் காட்டினாய். தமிழில் இது சுலபம் அம்மா, நம்ம பேச்சுல ஆமாவா இல்லையாங்கிறதே கடைசியிலதான வருது, வாலை நறுக்கினா தலை வேற பேசும் என்றாய். நான் ‘ன்னு’வைப் பற்றி வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன். அது ஒரு வார்த்தைகூட இல்லை. பேச்சோடு பேச்சாக வந்து ஒட்டிக்கொள்வது. இது நான் சொல்வது இல்லை, இன்னொருத்தர் சொன்னது என்று காட்டுகிற வேலையை அந்தச் சின்ன ஒட்டுத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது. அதை எடுத்ததும் ஊரார் சொன்ன புரளி என் சொந்த வாக்காகிவிட்டது. அதற்கு மேலே சிவப்புப் பட்டை, மைக் படம், இழவு வீட்டு இசை, “நர்ஸ் வெளியிட்ட அதிர்ச்சி ஆடியோ, மக்கலே உஷார்” என்று எழுத்து. அந்தப் பக்கத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் போய்ப் பார்க்க நாலு பேர் கிளம்புவார்கள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. வந்தவர்கள் யாரும் வெளியூர் ரவுடிகள் இல்லை. நான் பிரசவம் பார்த்த பெண்கள். நான் தடுப்பூசி போட்டு, “எறும்பு கடிச்ச மாதிரிதான்டா” என்று ஏமாற்றி அழ வைத்த பிள்ளைகள், இப்போது அப்பாக்களாகி மடித்துக் கட்டிய வேட்டியோடு வந்திருந்தார்கள். என் குரல் அவர்களுக்கு மனப்பாடம். அந்தக் குரல் விஷம் என்று சொன்னால், மாத்திரை டப்பாவைக் கையில் வைத்திருக்கிற புதுப் பெண் விஷம் கொடுக்க வந்தவள் என்றுதானே ஆகும்? எனக்குச் சேதி எட்டி நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ரேகாவின் நெற்றியில் கல் பட்டுவிட்டது. புருவத்துக்கு மேலே தோல் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, அவள் என்னைப் பார்க்க முடியாமல் குரலை வைத்து “அக்கா வந்துட்டீங்களா” என்றாள். நான் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். அது வெட்டின ஆடியோ, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். முன்னால் நின்ற ஒரு பெண், நான் மடியில் போட்டுக் குளிப்பாட்டியவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “உங்களை மிரட்டியிருக்காங்களா நர்சம்மா? பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்” என்றாள். அவ்வளவு பாசமாகச் சொன்னாள். அந்தப் பாசத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் குலை நடுங்குகிறது.

அதற்குள் நான் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடுவதற்கு முன்னால், போனை எடுத்து, குழுவில் நான் பேசியிருந்த முழு ஆடியோவை ‘எல்லோருக்கும் நீக்கு’ என்று அமுக்கிவிட்டேன். என்னமோ விஷப் பூச்சியைத் தட்டிவிடுகிற அவசரம். மூலத்தை அழித்தால் வெட்டியதும் சேர்ந்து அழிந்துவிடும் என்று என் மூளை நினைத்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இங்கே மடையை அடைத்த கதை. உண்மை அழிந்தது, பொய் மட்டும் எல்லோர் போனிலும் மிச்சமிருந்தது. “இந்தச் செய்தி நீக்கப்பட்டது” என்ற அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் ஊர் முழுக்க உறுதியாக நம்பியது. மேலிடத்திலிருந்து மிரட்டி அழிக்க வைத்துவிட்டார்கள் என்றார்கள். முழு ஆடியோ இப்போது ரேகாவின் போனிலும் இல்லை, என் போனிலும் இல்லை. இதை உன்னிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன், நீயும் திட்டவில்லை. “பயந்தவங்க எல்லாரும் மொதல்ல அதத்தாம்மா செய்வாங்க” என்றாய். ஆகவே, நான் என்ன பேசினேன் என்பதற்கு இப்போது இருக்கிற ஒரே சாட்சி என் வாய்தான். அதனால்தான் நீ கேமராவோடு வருகிறாய்.

மதி, பயத்தில் ஓடுவது எனக்குப் புதிது இல்லை. உனக்கு நினைவிருக்குமோ என்னமோ. சுனாமி வந்த அந்த வாரம், வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். எனக்கு அங்கே டியூட்டி. உன்னை விட்டுவர ஆள் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன், நீ இடுப்பில் உட்காருகிற வயதைத் தாண்டியிருந்தும். ஒரு பெரியவருக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ ஒருவர் “வருது, வருது” என்று கத்தினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. என்ன வருகிறது என்று யாரும் கேட்கவும் இல்லை. கடலைத் தவிர வேறு எதுவும் வரும் என்று அந்த வாரத்தில் யாருக்குத் தோன்றும்? முகாம் முழுவதும் எழுந்து ஓடியது. நானும் பாதிக் கட்டோடு அந்தப் பெரியவரை விட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவரும் கட்டுத்துணி தரையில் இழுபட ஓடி, படியில் விழுந்தார். உள்ளே பல பேருக்குக் கை கால் முறிந்தது. வந்தது அரிசி லாரி. லாரியைப் பார்த்த சந்தோஷத்தில் ஒருவர் “வருது” என்று சொல்லியிருக்கிறார்.

ஓடும்போது நீ என் தோளில் தலையை வைத்துக்கொண்டு, “என்னம்மா வருது? என்னம்மா வருது?” என்று கேட்டுக்கொண்டே வந்தாய். நான் வாயை மூடு என்று முதுகில் ஒன்று வைத்தேன். உன் வேலையைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன்: கூட்டத்தோடு ஓடும்போது ‘என்ன வருது’ என்று கேட்கிற வேலை. சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அப்படிக் கேட்டதற்கு நீ வாங்கியது ஒரு அடி, அதுவும் பெற்றவள் கையால். ஊரார் கையில் என்ன வாங்குவாயோ என்று நினைக்காமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் யார் என்று நீ கண்டுபிடித்த விதத்தை நினைத்தால் மட்டும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். “மக்கலே உஷார்.” அதில் ‘ள’ போட வேண்டிய இடத்தில் ‘ல’. அந்தப் பக்கத்தில் எல்லா வீடியோவிலும் அப்படித்தான். வெல்லம் என்று எழுதி ஆற்று வெள்ளத்தைக் காட்டுகிறார்கள், அதுவும் எந்த மாநிலத்து வெள்ளமோ. ஐப்பசி மழையில் அதைப் பார்த்துவிட்டு உன் அப்பா மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாரே, அதே வீடியோதான். நீ ஒருநாள் திடீரென்று, “பீரோல என் சடங்கு சிடி இருக்குல்ல, அதோட அட்டையை போட்டோ எடுத்து அனுப்புமா” என்றாய். எடுத்து அனுப்பினேன். “மஞ்சல் நீராட்டு விழா.” அந்த எழுத்துப் பிழைக்காகவே அன்றைக்கு நீ பந்தலில் பாதி அழுகை அழுதாய், மீதி அழுகை அந்தப் பட்டுப்பாவாடைக்கும் ஊர் முன்னால் உட்கார வைத்ததற்கும். இது ஆதாரம் இல்லை, வழிதான் என்று நீ சொன்னாய். அந்தப் பக்கம் ஆரம்பித்த புதிதில் விளம்பரத்துக்குக் கொடுத்திருந்த போன் நம்பரும், ஸ்டுடியோவின் பழைய கல்யாண ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்த நம்பரும் ஒன்றாக இருந்தபோதுதான் ஆதாரம் என்றாய். நம் குடும்பத்தின் எல்லா விசேஷத்துக்கும் வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரர்தான் ரேகாவின் மண்டையை உடைக்க வைத்தவர் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர் பெயரையும் எழுதவில்லை. அதை நீ முறைப்படி கேட்டு எழுதுவாய்.

போன வாரம் அவர் உன் அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார். “நம்ம ஸ்டுடியோக்காரர் எவ்வளவு நல்ல மனுஷன் பாரு. பாப்பா எப்ப ஊருக்கு வருதுன்னு கேட்டாரு. ‘அண்ணே, நம்ம பாப்பா சடங்கு வீடியோ முழுசும் இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்குண்ணே, அது அழுதது, மூக்கு வழிஞ்சது, எல்லாம் இருக்கு, ஒண்ணும் அழியல’ன்னாரு. இத்தனை வருஷமா யாரு வச்சிருப்பா?” நான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். நீ தேடுவது எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. உன் அப்பாவுக்கு நெல்லில் ஈரம் எவ்வளவு என்று கடித்தே சொல்லத் தெரியும், மனுஷன் பேச்சில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியாது. நான் விளக்கிச் சொன்ன பிறகு சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார், அந்த வீடியோவைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க. “தாராளமா எடுத்துக்கங்கண்ணே. ஆனா எத்தனை காப்பி எங்கெங்க இருக்குன்னு எனக்கே தெரியாதுண்ணே” என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். எந்த இடத்திலும் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. போலீஸில் போய் என்ன சொல்வது, எங்கள் மகள் வீடியோவைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்றா?

உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். “போடட்டும்மா. அழுத மூஞ்சிதான. நான் அழுதது நிஜம்தான. அந்தாளு பக்கத்துல வர்ற ஒரே உண்மையான வீடியோ அதுவாத்தான் இருக்கும்” என்றாய். பேச்செல்லாம் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பயப்படுவது அவர் வைத்திருக்கிற வீடியோவுக்காக இல்லை மதி, அதில் எந்த ‘ன்னு’வை வெட்டுவார் என்பதற்காக. நான் எட்டாம் வகுப்புப் பிள்ளையை அழ அழ மணையில் உட்கார வைத்து, நிறைய பேரைக் கூப்பிட்டு, படம் பிடிக்கச் சொல்லி நானே கொடுத்தேன். வேண்டாம் என்று நீ கெஞ்சினாய். ஊர் என்ன சொல்லும் என்றேன். இப்போது ஊர் என்ன சொல்லப் போகிறது என்பதை அவர் தீர்மானிப்பார். இரண்டு வரி எழுத்தும் கொஞ்சம் இழவு இசையும் போட்டால் எந்தப் பிள்ளையின் அழுகைக்கும் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லலாம். கட்டாயக் கல்யாணம் என்பார். அம்மா அடித்தாள் என்பார். அதைவிடக் கேவலமாகவும் சொல்வார், எனக்கு எழுதக் கை வரவில்லை. நம்மை அறிந்தவர்களே என் கையைப் பிடித்துக்கொண்டு உங்களை மிரட்டினார்களா என்று கேட்டார்கள் என்றால், உன்னை அறியாதவர்கள் எதைத்தான் நம்ப மாட்டார்கள்?

இப்போது எனக்கு எல்லாமே சந்தேகம்தான். வாசலில் ஒரு பைக் வேகம் குறைந்தால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டேன். பத்து வருஷமாக வருகிறவர் அவர், முகம் சுண்டிப் போய்விட்டார். பஸ்ஸில் யாராவது “பொண்ணு எப்ப வருது நர்சம்மா?” என்று கேட்டால், இந்த ஊரில் ஒருவரையொருவர் கேட்கிற சாதாரண கேள்வி அது, எனக்கு வியர்த்துவிடுகிறது. வராது என்று பொய் சொல்கிறேன். பார், பொய்யைப் பிடிக்கப் போகிற மகளுக்காக அம்மா தினமும் எத்தனை பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குப் புத்தி சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். தனியாக அவர் வீட்டுக்குப் போகாதே. கூட்டம் சேர்ந்தால் நியாயம் பேச நிற்காதே, கூட்டத்துக்குக் காது கிடையாது, நான் கத்திப் பார்த்துவிட்டேன். அவர் டீ கொடுத்தால் குடி, ஆனால் சிரித்தால் நீ சிரிக்காதே. சாப்பிட்டுவிட்டுப் போ. இதற்கு மேல் எனக்கு ஒரு புத்தியும் தெரியவில்லை, ஒன்றைத் தவிர: வராதே. விட்டுவிடு. அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதி முடிப்பதாக இருந்தேன்.

நேற்று நாகப்பட்டினம் போனேன். ரேகா அங்கே தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். காயம் ஆறிவிட்டது, புருவம் இரண்டாகப் பிரிந்த மாதிரி ஒரு கோடு. இட மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தாள், நான் சாப்பிடும்போது எதிரே உட்காராமல் அடுக்களையிலேயே நின்றாள். பாத்திரம் எடுக்கிற சாக்கில் உள்ளே போய், என் மேல் கோபமா என்று கேட்டேன். “இல்லக்கா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?” என்றாள். “கல்லெறிஞ்சவங்க மூஞ்சி ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்லக்கா. ஆனா உங்க குரல் மட்டும் காதை விட்டுப் போகல. அன்னிக்கு வாசல்ல ஒவ்வொருத்தர் போன்லயும் உங்க குரல்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. பொழைக்காது, பொழைக்காதுன்னு. இப்ப நீங்க வாசல்ல நின்னு ‘ரேகா’ன்னு கூப்பிட்டீங்கல்ல, நான் உள்ள போயி ஒரு நிமிஷம் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டுத்தான் வந்தேன்.” எனக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள். நாங்கள் இருவரும் நர்ஸ்கள், எவ்வளவோ பார்த்தவர்கள், குழம்புச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு அழுதோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் அறுவடை. மெஷின் ஓடுகிறது, களத்தில் நெல் குவிந்திருக்கிறது, பெண்கள் தூற்றுகிறார்கள். என் குரலை அந்த ஸ்டுடியோக்காரர் எடுத்துக்கொண்டுவிட்டார் மதி. உன்னைத் தூங்க வைத்த குரல். வலி வந்த பெண்ணிடம் “இன்னும் கொஞ்சம்தான் கண்ணு” என்று சொன்ன குரல். அது இப்போது அவர் கடையில் இருக்கிறது, உன் அழுகை இருக்கிற அதே அலமாரியில். நான் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்தால் அது அங்கேயே இருக்கும். ரேகாவுக்கு நான் எத்தனை நாள் வாழ்ந்தாலும் அந்த ஒரு வார்த்தைதான். உன்னை வராதே என்று நான் தடுத்தால் அவர் உன் வீடியோவைப் போடாமல் இருப்பார் என்று எந்த உறுதியும் இல்லை. நாம் பயப்படுவது தெரிந்தால் அடுத்த டீயும் வாங்கிக் கொடுப்பார். இதெல்லாம் தைரியம் வந்து எழுதுவதாக நினைக்காதே. பஸ் ஸ்டாப்பில் இறங்கியபோது அவர் வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது, அதைப் பார்த்து என் கால் வேகமாக நடந்தது. பயம் அப்படியேதான் இருக்கிறது. அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று காலையிலிருந்து ஒத்திகை பார்க்கிறேன். அந்தப் பேச்சை இந்தத் தடவை வாலை நறுக்க முடியாதபடி பேச வேண்டும். உன் அப்பாவை முற்றத்தில் உட்கார வைத்து, “கேளுங்க” என்று சொல்லி ஆரம்பித்தேன். “மாத்திரையில விஷம் இருக்குன்னு சொல்றது...” என்று பழக்கதோஷத்தில் அப்படியேதான் வருகிறது. அவர் கையைக் கத்திரி மாதிரி காட்டி, “இங்க வெட்டுவான்” என்றார். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி கத்திரி. அவருக்கு இதில் ஒரு குஷியே வந்துவிட்டது. எங்கே வாய் திறந்தாலும் கத்திரி. இத்தனை வயதுக்கு மேல் பேச்சைத் திருப்பிப் போட்டுப் பேசப் பழகுவது லேசு இல்லை. நம் பாஷையே கடைசியில்தான் மனசைத் திறக்கும் போலிருக்கிறது. கடைசியில் சின்னச் சின்னதாக உடைத்துப் போட்டேன். ஒவ்வொரு துண்டும் தனியாக நின்றாலும் உண்மையாக இருக்க வேண்டும். “நான் பழைய நர்ஸ். மாத்திரை நல்லது. என் மகளுக்கும் குடுத்தேன். என் பேச்சை வெட்டிட்டாங்க. ரேகா மேல ஒரு தப்பும் இல்ல.” அப்பா கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, கத்திரியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். “வெட்ட எடம் இல்ல” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பச்சைச் சேலையைக் கட்டிக்கொள்கிறேன். கேமராவுக்குப் பின்னால் ரேகாவும் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். என் குரலை அவள் நேரில் இன்னொரு தடவை கேட்கட்டும், இந்தத் தடவை முழுதாக. வர முடிந்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவர் வீட்டுக்கு நீ போகும்போது நானும் வருவேன். உள்ளே வரமாட்டேன், உன் வேலையில் குறுக்கே நிற்கமாட்டேன், அவர் வீட்டு எதிரே பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி நிற்பேன். யாராவது என்ன என்று கேட்டால், என் மகள் உள்ளே இருக்கிறாள் என்று சொல்வேன். அந்தப் பொய்யெல்லாம் போதும்.

நீ வெளியிட்டால் இந்தக் கடிதமும் அவர் கைக்குப் போகும். இதில் எங்கே வெட்டுவார் என்றும் யோசித்துப் பார்த்தேன். ‘வராதே, விட்டுவிடு’ என்று மேலே ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். பெற்ற தாயே வேண்டாம் என்கிறாள் என்று அதை மட்டும் எடுத்து, சிவப்புப் பட்டை கட்டிப் போடுவார். அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டு போனேன். அப்புறம் விட்டுவிட்டேன். ஒரு தடவை அழித்துப் பட்டது போதும். அது நான் நினைத்தது, நிஜம், இருக்கட்டும். ஆனால் முடிவை மட்டும் எந்தப் பக்கம் வெட்டினாலும் மிச்சம் உண்மையாக இருக்கும்படி எழுதுகிறேன்.

பயமாக இருக்கிறது. வா.

அம்மா